ஒரே மரத்து மாம்பழம் சித்திரையில் மணக்காமல் ஆனியில் மணப்பது ஏன்?

யாழ்ப்பாணத்து மீசாலையில் இருந்து ஒருவர் கேட்ட கேள்வி இது: "எங்கள் வளவில் நிற்பது ஒரேயொரு கறுத்தக்கொழும்பான் மரம். சித்திரைக் கடைசியில் ஆய்ந்து பழுக்கப் போட்ட காய்கள் நிறம் மாறின, மெதுமையாகவும் வந்தன. ஆனால் மணம் இல்லை. அதே மரத்தில் ஆனி மாதம் ஆய்ந்தவை அறைக்குள் இருந்தே படலை வரைக்கும் மணத்தன. மரமும் மண்ணும் தண்ணீரும் ஒன்றாக இருக்க, மணம் மட்டும் எப்படி மாறுகிறது? கொழும்பில் இருக்கும் மகளுக்கு அனுப்புவதென்றால் எப்போது ஆய வேண்டும்?"

சுருக்கமான விடை, சித்திரையில் நீங்கள் ஆய்ந்தவை முற்றாத காய்கள் என்பதுதான். ஆனால் "முற்றுதல்" என்று நாம் ஒரு சொல்லில் சொல்லிவிடும் காலத்துக்குள் காயின் உள்ளே நடப்பவை பல. அவற்றை விளங்கிக்கொண்டால் ஆயும் நாளை மட்டுமல்லாமல், இறைப்பு, பசளை, பழுக்கப் போடும் முறை ஆகியவற்றையும் நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மாம்பழத்தின் மணம் ஒரு பொருளால் வருவதன்று. கியூபாவில் வளர்ந்த 20 மா இனங்களை எடுத்து 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, அவற்றில் மொத்தம் 372 ஆவியாகும் சேர்வைகளை அடையாளம் கண்டது. இத்தனையும் நம் மூக்குக்கு எட்டுவதில்லை. ஒரு சேர்வை எவ்வளவு இருக்கிறது என்பதும் அது எவ்வளவு மணக்கிறது என்பதும் வெவ்வேறு கணக்குகள். பீற்றா அயனோன் என்ற சேர்வையை 1,000 இலீற்றர் நீரில் 7 மைக்கிரோகிராம் அளவில் கரைத்தாலே மனித மூக்கு உணர்ந்துவிடும். லிமொனீன் என்ற இன்னொரு சேர்வையை உணர அதைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் வேண்டும். (இந்தப் பீற்றா அயனோனைப் பிறவியிலேயே சரியாக உணர முடியாதவர்களும் கணிசமாக இருக்கிறார்கள், அது மூக்கில் உள்ள ஏற்பி ஒன்றின் பரம்பரை அலகைப் பொறுத்தது. ஒரே பழத்தை வைத்துக்கொண்டு கணவன் மணக்கிறது என்றும் மனைவி இல்லை என்றும் வாதாடினால் இருவரும் உண்மையே சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.)

உங்கள் கேள்விக்கு வேண்டிய அளவில், இந்தச் சேர்வைகளை அவை உண்டாகும் காலத்தை வைத்து இரண்டு கூட்டமாகப் பார்த்தால் போதும். காய் மரத்தில் வளரும்போதே சேர்பவை முதற்கூட்டம். பழுக்கத் தொடங்கிய பின்னர்தான் பிறப்பவை இரண்டாவது.

முதற்கூட்டத்தில் பெரும்பங்கு தேர்ப்பீன்கள். அவற்றை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கொக்கத்தடியால் ஒரு காயை ஆய்ந்து, காம்பை ஒடித்தவுடன் பீறிட்டு வரும் பாலை, கையிலோ முகத்திலோ படாமல், சற்றுத் தள்ளி வைத்து முகர்ந்து பாருங்கள். காரமான, சற்றே கர்ப்பூரத்தையும் தேசிக்காய்த் தோலையும் நினைவூட்டும் அந்த நெடிதான் தேர்ப்பீன். இனத்துக்கு இனம் இதன் கலவை மாறும்: கியூப இனங்கள் பெரும்பாலானவற்றில் டெல்டா-3-கரீன் முன்னிற்கிறது, அவுஸ்திரேலியாவின் கென்சிங்டன் பிறைட் என்ற இனத்தில் தேர்ப்பினோலீன் முன்னிற்கிறது. அம்பலவியையும் செம்பாட்டானையும் வெள்ளைக்கொழும்பானையும் கண்ணை மூடிக்கொண்டு காயிலேயே பிரித்துச் சொல்லக்கூடிய கிழவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள் என்றால், அவர்கள் முகர்ந்தது இந்தக் கலவையைத்தான். பால் பட்ட இடத்தில் காயின் தோல் கறுத்துப் பொசுங்குவதற்கும் இதே தேர்ப்பீன்களே காரணம்.

மரம் இவற்றை நமக்காகச் செய்யவில்லை. கொட்டை முற்றாத காயைப் பூச்சியும் பூஞ்சணமும் தொடாமல் வைத்திருப்பதற்கு அந்தக் கார நெடி உதவுகிறது. ஆகவே பிஞ்சுப் பருவத்திலேயே, பால் ஓடும் குழாய்கள் தோலில் அமைந்த காலத்திலிருந்து, தேர்ப்பீன் இருக்கிறது. சித்திரையில் ஆய்ந்த உங்கள் காய்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்திருந்தால் ஒரு மணமும் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். பச்சை மாங்காய் மணம் ஓரளவு இருந்திருக்கும். இல்லாமற் போனது பழ மணம்.

அந்தப் பழ மணம் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது. தேங்காய்ப்பாலையும் பீச் பழத்தையும் ஒத்த வழுவழுப்பான இனிய மணத்தைத் தரும் லாக்டோன்கள், காய்ச்சிய சீனிப்பாகு போல மணக்கும் பியூரனியோல், அன்னாசியையும் வாழைப்பழத்தையும் நினைவூட்டும் எசுத்தர்கள், செம்மஞ்சள் நிறப்பொருளான கரோட்டீன் உடைந்து வரும் பீற்றா அயனோன் போன்றவை இதில் அடங்கும். பூனாவில் உள்ள தேசிய இரசாயன ஆய்வுகூடத்தார் அல்போன்சா மாவைப் பூவிலிருந்து மிகப் பழுத்த நிலை வரைக்கும் பருவம் பருவமாக எடுத்துப் பார்த்தபோது, தேர்ப்பீன்கள் வளர்ச்சிக் காலம் முழுவதும் காணப்பட, லாக்டோன்களும் பியூரனியோல் வகையும் பழுக்கும்போதே தலைகாட்டின. அல்போன்சாவின் பெயருக்கும் விலைக்கும் காரணமான மணம் அந்தக் கடைசிச் சில நாட்களில் வந்து சேர்ந்ததுதான்.

அப்படியானால் காய் எப்போது ஆய்ந்தாலென்ன, பழுக்கும்போது மணம் வந்துவிடத்தானே வேண்டும் என்று கேட்கலாம். அங்கேதான் சித்திரைக் காய்க்கும் ஆனிக் காய்க்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. இரண்டாவது கூட்டத்துச் சேர்வைகள் வெறுமையிலிருந்து பிறப்பதில்லை. லாக்டோன்கள் கொழுப்பமிலங்களிலிருந்து வருகின்றன. பியூரனியோல் வெல்லங்களிலிருந்தும், வெல்லம் மாப்பொருளிலிருந்தும் வருகின்றன. எசுத்தர்களிற் சில அமினோவமிலங்களை முதலாகக் கொண்டவை. பீற்றா அயனோனுக்குக் கரோட்டீன் வேண்டும். மாப்பொருளும் கொழுப்பும் நிறப்பொருளின் முன்னோடிகளும், காய் கிளையில் தொங்கிக்கொண்டு இலைகளிடமிருந்து உணவு வாங்கும் கடைசி வாரங்களில்தான் விரைந்து சேர்கின்றன. காம்பை ஒடித்த கணத்தில் அந்த வரவு நின்றுவிடுகிறது. அதன் பின் வீட்டுக்குள் நடப்பதெல்லாம் இருப்பைச் செலவழிப்பதே. மெதுமையாவதற்குச் சுவர்ப்பொருளைக் கரைக்கும் நொதியங்கள் போதும். தோல் நிறம் மாறப் பச்சையம் அழிந்தால் போதும். இவை இரண்டும் இளங்காயிலும் ஒப்பேறிவிடும். மணத்துக்கு முதல் வேண்டும். சித்திரைக் காயில் அந்த முதல் இல்லை.

எங்கள் பக்கத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான மாரி மழை ஓய்ந்து, தையில் பூத்து, மாசித் தொடக்கத்தில் பிஞ்சு பிடித்தால், சித்திரைக் கடைசியில் அந்தக் காய்க்கு ஏறத்தாழ 85 நாள். பெரும்பாலான மா இனங்களுக்குப் பிஞ்சு பிடித்ததிலிருந்து 100 முதல் 120 நாள் வரை வேண்டும். நீங்கள் இரண்டு வாரமாவது முந்திவிட்டீர்கள். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: மா ஒரே நாளில் பூப்பதில்லை. முதற்பூவுக்கு மாசிப்பனி அடித்துக் கருகிப்போனால் மறுபடி பூக்கும்; ஒரு பக்கக் கிளை முந்தியும் மற்றப் பக்கக் கிளை பிந்தியும் பூக்கும். ஆகவே ஒரே நாளில் ஒரே மரத்தில் 80 நாட் காயும் 110 நாட் காயும் பக்கம் பக்கமாகத் தொங்கும், பருமனும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒரே ஏற்றத்தில் எல்லாவற்றையும் ஆய்ந்து இறக்கிவிடும்போது, சந்தைக்குப் போகும் கடகத்தில் மணக்கும் பழமும் மணக்காத பழமும் கலந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வளவு மரத்தில் இதைச் சோதித்துப் பார்த்தேன். பூங்கொத்து ஒவ்வொன்றிலும் பிஞ்சு பிடித்த வாரத்தில் ஒரு நிறத் துணிக்கீலம் கட்டி, நாளைக் குறித்துவைத்து, பின்னர் நாள் கணக்கின்படி ஆய்ந்து, தனித்தனிக் கடகங்களில் வைக்கோல் போட்டு வைத்தேன். முந்தி ஆய்ந்தவற்றின் தோல் நான்காம் நாளே காம்படியில் சுருங்கத் தொடங்கியது. வெட்டினால் கொட்டையோரம் வெளிறி இருந்தது, பாலின் நெடியும் புளிப்பும் தவிர வேறொன்றும் இல்லை. பிந்தி ஆய்ந்தவை மூன்று நாள் வரை சும்மா கிடந்தன. நான்காம் நாள் காலையில் கதவைத் திறந்தபோதே அறை மாறியிருந்தது. பழத்தைக் கையில் எடுத்து முகர்ந்தால், காம்படியில் இன்னும் அந்தப் பால் நெடியும், மறுமுனையில் பாகு மணமுமாக இரண்டும் தனித்தனியே தெரிந்தன. மறுநாள் அந்த வேறுபாடு கரைந்து ஒரே மணமாகிவிட்டது. கறுத்தக்கொழும்பானின் சிறப்பு, என் மூக்குக்கு, பாகு மணத்துக்கு அடியில் அந்தக் காரம் சற்றே நிற்பதுதான். வெறும் இனிப்பு மணம் மட்டும் உள்ள பழம் இரண்டு துண்டோடு திகட்டிவிடும்.

பழுத்தலைத் தொடக்கிவைப்பது எதிலீன் என்ற வாயு. மா, வாழை, பலா ஆகியவை ஆய்ந்த பின்னும் தாமாகவே எதிலீனைப் பெருக்கிக்கொண்டு பழுக்கும் இனத்தைச் சேர்ந்தவை. வாழைக்குலையைக் குழியில் வைத்துப் புகையூட்டும் எங்கள் பழைய வழக்கத்தில் வேலை செய்வதும் புகையில் உள்ள எதிலீனே. காய்களை விரைவில் பழுக்கவைக்கச் சிலர் போடும் கல்சியம் காபைட்டு ஈரத்தோடு சேர்ந்து அசற்றலீன் என்ற வாயுவை வெளியிடும். அது எதிலீனைப் போல நடித்துப் பழுத்தலைத் தூண்டும். அதில் ஆசனிக்கு, பொசுபீன் முதலிய நச்சு மாசுகள் கலந்திருக்கக்கூடும் என்பதற்காகவே அதைத் தொடக்கூடாது. மணத்தைப் பொறுத்த அளவில் குற்றம் முழுவதையும் அதன் தலையில் போடுவது சரியாகாது. முற்றிய காய்க்கு எதிலீன் கொடுத்தால் மணம் பெரிதாகக் கெடாது. சிக்கல் என்னவென்றால், காபைட்டு கையில் இருப்பவர் காய் முற்றும் வரைக்கும் காத்திருப்பதில்லை. திறப்பைக் கொண்டு பெட்டியைத் திறக்கலாம். பெட்டிக்குள் ஒன்றும் இல்லையென்றால் திறப்பு என்ன செய்யும்?

இங்கே முந்திரிகையைப் (திராட்சையைப்) பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் மாவுக்குச் சொன்னதை அதற்கும் சொல்லிவிடும் பிழை அடிக்கடி நடக்கிறது. முந்திரிகைக் குலையை வெட்டிய பின் அது பழுக்காது, இனிக்காது, புதிதாக மணக்கவும் மாட்டாது. மணம் முழுவதும் கொடியிலேயே முடிந்தாக வேண்டும். அதன் மணச்சேர்வைகளின் போக்கும் வேறு. கபர்னே சோவின்யோன் போன்ற சில இனங்களில் பச்சைக் கறிமிளகாய் போல மணக்கும் மெதொட்சிபைரசீன் என்ற சேர்வை, காய் நிறம் மாறத் தொடங்கும் காலத்துக்குச் சற்று முன் உச்சத்துக்கு வந்து, பின்னர் வெயிலிலும் வெப்பத்திலும் குறைந்துகொண்டு போகும். நிறம் மாறிய பிறகு மஸ்கட் இனங்களில் லினலோல், ஜெரனியோல் முதலிய பூ மணச் சேர்வைகள் ஏறும். அவற்றிலும் பெரும்பகுதி வெல்லத்தோடு பிணைந்து, முகர்ந்தால் தெரியாத வடிவில் ஒளிந்திருக்கும், மென்று விழுங்கிய பின் சற்றே வெளிப்படும். எங்கள் தோட்டங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை கவ்வாத்துச் செய்து இரண்டு போகம் எடுப்பவர்கள், மழைமுகிலில் முற்றிய குலையும் கோடையில் முற்றிய குலையும் மணத்தில் ஒன்றல்ல என்று சொல்வதற்கு இந்த ஒளியும் வெப்பமுமே காரணம்.

காலநிலை மாவையும் விட்டுவைப்பதில்லை. ஆனிப் பழத்துக்கு நாட் கணக்கு மட்டுமல்ல, வானமும் துணை செய்திருக்கிறது. சித்திரைச் சிறுமாரி முடிந்து சோளகக்காற்று எழுந்த பின் யாழ்ப்பாணத்தில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும், மழை அரிது. இலைகள் நாள் முழுதும் வெயிலில் உணவு செய்கின்றன. காயில் நீரின் பங்கு கூடாமல் உலர்பொருள் ஏறுகிறது. மாரியில் சில மரங்கள் கொடுக்கும் இடைப்போகக் காய் பருமனாக இருந்தும் மணத்தில் பின்தங்குவது இதன் மறுபக்கம். கிளையின் வெளிப்புறத்தில் வெயில் பட்டு முற்றிய காய்க்கும் உள்ளே நிழலில் முற்றியதற்கும் இடையிலும் இதே வேறுபாடு சிறு அளவில் தெரியும்.

இதிலிருந்து தோட்டக்காரர் செய்யக்கூடியது ஒன்றிரண்டுதான். ஆய்வதற்கு முந்திய இரண்டு மூன்று வாரங்களில், காய் பருக்கட்டும் என்று நிறைய இறைப்பதை விட்டுவிடுங்கள். நிறை ஏறும், மணம் ஏறாது. மரம் வாடாத அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். மணற்பாங்கான தென்மராட்சி மண்ணில் இது வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணைவிடக் கவனமாகச் செய்ய வேண்டியது, ஏனெனில் மணல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்காது. காய் முற்றும் காலத்தில் யூரியாவும் வேண்டாம். மரம் தளிர் விடத் தொடங்கினால் காய்க்குப் போக வேண்டிய உணவு தளிருக்குப் போய்விடும்.

அணில் கோதின மாம்பழம் இனிக்கும் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். அணிலின் பல்லில் சீனி இல்லை. தேர்ப்பீன் நெடிக்கு மேலாக எசுத்தரும் லாக்டோனும் கிளம்பிய பழத்தைத்தான் அணிலும் வௌவாலும் தேடி வருகின்றன. கொட்டை முற்றிவிட்டது, இனிக் கொண்டுபோகலாம் என்று மரம் விடும் அழைப்பு அந்த மணம். காயம் பட்ட இடத்தில் எதிலீனும் கூடுவதால் பழுத்தல் விரைவதும் உண்டு. அணில் முந்திவிடுகிறது என்பதே நம்முடைய குறை.

மரத்திலேயே பழுக்கவிட்டால் மணம் இன்னும் கூடும் என்பது உண்மை. ஆயினும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அணிலும் வௌவாலும் போக, பழ ஈ முட்டையிட்டுப் பழத்துக்குள் புழு வைத்துவிடும், ஆடி பிறந்தால் இது இன்னும் மோசம். சோளகம் உலுப்பி விழுத்தினால் அடிபட்ட இடம் அழுகும். மிஞ்சிப் பழுத்ததில் எதைல் அற்ககோலும் அதன் எசுத்தர்களும் ஏறிக் கள் புளித்தாற்போன்ற வாடை வரும்.

ஆகவே மகளுக்கு அனுப்ப, நாள் கணக்கில் 105க்கு மேல் சென்ற காயைத் தேர்ந்தெடுங்கள். நாள் குறித்துவைக்கவில்லை என்றால், காம்பைச் சுற்றித் தோள் உயர்ந்து காம்பு குழிக்குள் இறங்கினாற்போல் தெரிகிறதா என்று பாருங்கள். தோலில் சாம்பல் பூத்த மெல்லிய மாப்படலம் இருக்கும். ஒன்றை வெட்டினால் கொட்டையோரச் சதை மஞ்சளுக்குத் திரும்பியிருக்கும். ஐயமிருந்தால் வாளித் தண்ணீரில் போடுங்கள்: முற்றியது தாழும், முற்றாதது மிதக்கும். விரல் நீளக் காம்போடு ஆய்ந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து காம்பைக் குட்டையாக வெட்டி, காம்படி கீழே இருக்கும்படி சில மணி நேரம் கவிழ்த்துப் பாலை வடியவிடுங்கள். பிறகு வைக்கோல் பரப்பிய பெட்டியில் காற்றோட்டத்தோடு அடுக்கி, செங்காயாக மாறுவதற்கு முன்பே, கல்லுப்போல இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள். கொழும்புக்குப் போய்ச் சேர்ந்து மூன்று நான்கு நாளில் மணக்கத் தொடங்கும்.

மகளிடம் ஒன்றை மட்டும் மறவாமல் சொல்லிவிடுங்கள். பெட்டி வந்தவுடன் காய்களைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. மா வெப்பநாட்டுக் காய். 12, 13 பாகை செல்சியஸுக்குக் கீழே பல நாள் கிடந்தால், பின்னர் வெளியே எடுத்தாலும் மணத்தை உண்டாக்கும் நொதியங்கள் பழைய நிலைக்கு வருவதில்லை. பூட்டிய காரிலோ தகரக் கூரைக்கு அடியிலோ கடுஞ்சூட்டில் வைத்தாலும் பழுத்தல் குழம்பிவிடும். 20க்கும் 25க்கும் இடைப்பட்ட வெப்பநிலை மிகவும் உகந்தது. கொழும்பு வீடொன்றில் அது கிடைப்பது அரிது என்பதால், வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில், நிலத்தில், கடதாசி விரித்து வைத்தால் போதும். மணம் வந்துவிட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் குளிரில் வைக்கலாம். ஆனால் வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னமே வெளியே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த பழத்திலிருந்து இந்தச் சேர்வைகள் ஆவியாகி மூக்குக்கு வருவதில்லை.